மூன்று மிதவைகள்

அந்த ஏரியில் மூன்று நிறுவனங்களின் கருவி பொருத்திய மிதவைகள் நீரின் தன்மையை அளந்துகொண்டிருந்தன. ஒரே வேலைக்கு மூன்று நிதி எதற்கு, ஒன்று போதும் என்று தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. எந்த ஒன்று என்று அதில் இல்லை. மற்றவர்களுடையது இருக்கும் என்று நம்பி, ஆய்வாளர் எழிலரசி தன் மிதவையைக் கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். இன்று படகில் வந்து பார்த்தால் ஏரி வெறுமையாகக் கிடந்தது. அவர்களும் அப்படியே நம்பியிருக்கிறார்கள்.

கோடைதோறும் இங்கே மீன்கள் செத்து மிதக்கின்றன. ஏன் என்பது இந்தக் கோடையில் எடுக்கும் அளவுகளிலிருந்துதான் தெரிய வேண்டும்.

"ஒருத்தருக்கொருத்தர் வழிவிட்டுட்டீங்களாக்கும்," என்றார் படகுக்காரர் சவரிமுத்து. "ஒரு போன் போட்டுக் கேக்கக்கூடாதா மேடம்?"

"நாங்க கமிட்டி வழியாத்தான் பேசணும்ணே."

"கமிட்டி எப்பக் கூடும்?"

"மழைக்கப்புறம்."

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். அலுப்பில் பாதியிலேயே நின்றுவிட்டது. பையிலிருந்த, நீரை அளக்கும் கைக்கருவியை எடுத்து, அதன் கம்பியை நீருக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டன. படகு மெல்ல விலகிப் போயிற்று.

"எவ்வளவு நேரம் மேடம்?"

அவள் கையை எடுக்கவில்லை.

"நங்கூரத்தப் போடுங்கண்ணே."