வேறு குட்டி

“இது வேணாம். வேற குட்டி எடும்மா,” என்றார் ஆய்வகத் தலைவர்.

கையுறை மாட்டிய கையோடு அவள் கிண்ணத்தைப் பார்த்தாள்.

கிண்ணத்தில் கிடந்த எலிக்குட்டிக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. தாயிடமிருந்து பிரித்து வைத்ததுமே கத்தத் தொடங்கிவிட்டது. அந்தக் கத்தல் மனிதக் காதுக்கு எட்டாது. மேலே தொங்கிய கருவி அதைப் பிடித்துத் தாழ்த்தி, ஒலிபெருக்கி வழியாகக் கிறீச் கிறீச்சென்று கொட்டியது.

கத்தியதுதான் அது செய்த குற்றம்.

அது வலிப்பு மருந்து கொடுத்த தாயின் குட்டி. கருவிலேயே அந்த மருந்து பட்ட குட்டிகள் தாயைப் பிரிந்தாலும் கத்தாமல் கிடக்கும் என்று நிருபரிடம் தலைவர் இப்போதுதான் முழங்கி முடித்திருந்தார். மைக்கைக் கண்டால் விடமாட்டார் என்பதால் ஆய்வகத்தில் அவருக்கு மைக் சார் என்று பெயர். இன்றைக்கு மைக்கே அவரைத் தேடி வந்திருக்கிறது, கேட்க வேண்டுமா.

அந்தக் கூண்டில் இருந்த எட்டுக் குட்டிகளில் மூன்று, மருந்தே படாத குட்டிகளைப் போலத்தான் கத்தும். மொத்தமாகப் பார்த்தால் கத்தல் குறைவு, அதில் பொய்யில்லை. சோதனையை நடத்திய ஆய்வாளர் அவள்தான், அவளுக்குத் தெரியாதா? ஆனால் சராசரியைக் கிண்ணத்தில் வைத்துப் படம் காட்ட முடியாது. அதனால் வாயடைத்துக் கிடக்கும் குட்டியாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறார்.

எடுத்தாள். கூண்டுக்குள் கிடந்த மரத்தூளில் கையுறையைத் தேய்த்துவிட்டுத்தான் எடுத்தாள். வேற்று வாசம் பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடக்கூடும் என்று இங்கே சோப்புகூட வாசமில்லாததுதான். நிருபரோ சென்டிலேயே குளித்துவிட்டு வந்திருந்தார். வாசலோடு நிறுத்த வேண்டியவரை வாயெல்லாம் பல்லாக உள்ளே கூட்டிவந்தவர் தலைவர். அப்போதிருந்து தாய் எலிகள் மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருக்கின்றன.

புதுக் குட்டி கிண்ணத்தில் கிடந்தது. ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை.

“பாத்தீங்களா? அம்மா வேணும்னே இதுக்குத் தோணல. வளந்தாலும் யாரோடயும் ஒட்டாது.”

கைப்பேசியில் படம்பிடித்தபடியே நிருபர் உச்சுக்கொட்டினார். “அப்ப கர்ப்பமா இருக்கறவங்க இந்த மாத்திரைய நிறுத்திடணும்னு எழுதலாமா சார்?”

கூடாது என்ற ஒரு வார்த்தை போதும். எலிக்கு ஒரே ஊசியில் ஏற்றிய அளவை எந்த மருத்துவரும் மனிதருக்கு எழுத மாட்டார் என்று சொல்லலாம். மருந்தை மாற்றுவதோ குறைப்பதோ மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டியது, யாரும் தானாக நிறுத்தக் கூடாது என்று சொல்லலாம். இதெல்லாம் தலைவருக்குத் தெரியாததல்ல. அவரே வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்ததுதான்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். “தாய்மைன்னாலே தியாகம்தானே,” என்றார்.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வலிப்பு என்ன கொட்டாவியா, கையால் பொத்தி அடக்க? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று, எவளோ ஒருத்தியின் உயிரை எடுத்துத் தியாகம் பரிமாறுகிறார் இந்த மனிதர். பரிமாறியதை நிருபரும் பவ்யமாக வாங்கிக்கொள்கிறார்.

நாளைக் காலையில் இது செய்தித்தாளில் வந்துவிடும். எத்தனை வீட்டில் மாத்திரை குப்பைக்கூடைக்குப் போகுமோ.

நிருபர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்க ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்களே?”

“அவ அப்படித்தான்,” என்று சிரித்தார் தலைவர். “யாரோடயும் ஒட்ட மாட்டா. சாப்பாடுகூடத் தனியாத்தான். ஊமைக்கோட்டான்னுதான் இங்க எல்லாரும் கூப்பிடுவோம். ஆனா வேலையில படு கெட்டி.”

அவள் குட்டியைக் கொண்டுபோய்த் தாயிடம் விட்டாள். குனிந்தபடியே பேசினாள்.

“எங்கம்மா இந்த மாத்திரையச் சாப்பிட்டுத்தான் என்னைப் பெத்தாங்க.”

படம் பிடித்தது போதும் என்று தலைவர் கை காட்டினார். நிருபர் கைப்பேசியை இறக்கவில்லை. அவர் முகம் மலர்ந்திருந்தது. ஊமைக்கோட்டானே வாய் திறந்து சாட்சி சொல்கிறாள், இதைவிட நல்ல செய்தி எங்கே கிடைக்கும்?

“ரெண்டாவது பிள்ளை உண்டானப்ப நிறுத்திட்டாங்க,” என்றாள் அவள். “யாரோ பெரிய டாக்டர் சொன்னார்னு பேப்பர்ல வந்திருந்துச்சாம்.”

“அந்தப் பிள்ளை எப்படி? எல்லார்கிட்டயும் நல்லா ஒட்டுமா?” என்று ஆவலோடு கேட்டார் நிருபர்.

“தெரியாது. வலிப்பு வந்து அம்மா போனப்ப அது வயித்துக்குள்ளதான் இருந்துச்சு. அப்படியேதான் புதைச்சோம்.”