ஆடாத கோல்

"முதல் கோல், அப்பா. பதினேழு வருஷமா அடுத்தவன் கோலைத் தடுத்துக்கிட்டே இருந்த மனுஷன், இன்னைக்குத்தான் தானா ஒண்ணு அடிச்சிருக்கார். கையைக்கூடத் தூக்கலை பாருங்க" என்று, மாலையில் முடிந்த கால்பந்து ஆட்டத்தை மறுபடி காட்டிக்கொண்டிருந்த தொலைக்காட்சியைக் காட்டினாள் ஒர்னெல்லா.

திரையில் அவள் கணவன் வாஸ்கோ, தலை குனிந்து, மன்னிப்புக் கேட்பவன்போல் நின்றான்.

"பழைய டீமுக்கு எதிரா கோல் அடிச்சா ஆடிக் கொண்டாடக் கூடாது. வழக்கம்னா வழக்கம்தான்" என்றார் குவால்தியேரோ, ரொட்டியைப் பிய்த்தபடி.

"'முப்பத்தாறு வயசு, கால் போச்சு'ன்னு போன ஜூன்ல துரத்தின டீமுக்கு என்ன மரியாதை?"

"பதினோரு வருஷம் சோறு போட்ட டீம்மா."

"இவர் தடுத்ததாலதான் அவங்களே சாப்பிட்டாங்க."

வாசல் மணி அடித்தது. உள்ளே வந்து பையைக் கீழே வைத்த வாஸ்கோ, "முதல்ல ஜன்னலைச் சாத்து" என்றான்.

"எதுக்கு?"

"ஊர்க்காரங்க பார்த்தா மரியாதையா இருக்காது."

அவள் சாத்தினாள்.

அடுத்த நொடி அவன் இரு கைகளையும் இறக்கையாக விரித்து, சாப்பாட்டு மேசையை இரண்டு முறை சுற்றி ஓடினான். ரவியோலித் தட்டுகள் குலுங்கின. ஒர்னெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் முழங்காலில் சறுக்கிக்கொண்டே வந்து, சரியாக மாமனாரின் நாற்காலி முன்னால் நின்றான்.

"இப்பச் சொல்லுங்க மாமா. கால் எப்படி இருக்கு?"

போன ஜூனில் அவனை நீக்கிய கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அந்த டீமின் நிர்வாகத் தலைவர் குவால்தியேரோ, தன் ஒயின் கோப்பையை அவனிடம் நீட்டினார்.

"கால் நல்லாத்தான் இருக்கு மாப்ளே. இந்தக் கைக்குத்தான் வயசாயிடுச்சு."