ஒரு கைப்பிடி பாதாம்

“வாசப் பக்கமா வராத லினார்தோ. மில்லுக்குப் பின்னால வா. அவர் முழிச்சுக்கிட்டுதான் இருக்கார்.”

அர்கிரோ குரலைத் தாழ்த்திச் சொன்னாள். லினார்தோ அரிவாளையும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் பாதையோரம் வைத்துவிட்டு அவள் பின்னால் போனான். மலைமேல் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஓடையை ஒட்டிக் கடற்கரை வரை இறங்கும் நடைபாதையைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. முள் வெட்ட வேண்டும், பாறைகளில் வழி அடையாளம் போட வேண்டும். பழைய தண்ணீர் மில்களைப் பார்க்க முதுகில் பையோடு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். பாதி மில்களுக்குக் கூரையே கிடையாது. ஆள் குடியிருப்பது இந்த ஒன்றில்தான். இங்கேயும் கல் சுற்றி வெகுகாலம் ஆகிவிட்டது.

வாய்க்கால் மறைவில் வெள்ளைத் துணி மூடிய தட்டு ஒன்று இருந்தது. அவித்த கோதுமை. அன்று ஆத்துமாக்கள் சனிக்கிழமை. சாவு கண்ட வீடெல்லாம் கோதுமை அவித்து, சர்க்கரை தூவி, மேல்கோயிலுக்குக் கொண்டுபோகும் நாள். சாமியார் இறந்தவர் பெயரைச் சொல்லி மந்திரித்ததும் ஆளுக்கொரு பிடி அள்ளித் தின்பார்கள்.

“இதைக் கோயில்ல கொடுத்து மிகேஸ் பேரைச் சொல்லிடு தம்பி” என்றாள். “பாதாம் வைக்க முடியல. வீட்ல இருந்தது அவருக்கே சரியாப் போச்சு. வெறும் திராட்சைதான் வச்சிருக்கேன்.”

மிகேஸ் அவளுடைய ஒரே பிள்ளை. லினார்தோவோடு பள்ளிக்கூடம் போனவன். சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். போன குளிர்காலத்தில் அந்தக் கப்பல் எங்கோ தூரக் கடலில் முழுகிப்போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. சேதி வந்தபோது அவள் புருஷன் பந்தெலிஸ் நெஞ்சுவலியில் படுத்திருந்தார். சின்ன அதிர்ச்சி என்றாலும் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அர்கிரோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு ஓடைக்கரையில் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் சாகும்வரை கறுப்புத்தான் உடுத்த வேண்டும். இவளோ பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நடமாடினாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? கொஞ்ச நாள் மென்றது. காரணம் தெரிந்ததும் வெட்கப்பட்டு மூடிக்கொண்டது. பிறகு ஊரே சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியது.

“உள்ள வந்து அவரை ஒரு பார்வை பார்த்துட்டுப் போ. முகத்தைத் தொங்கப் போட்டுக்காத” என்றாள் அர்கிரோ.

பந்தெலிஸ் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். சுவரில் மாதா படமும், பக்கத்தில் கடலோடிகளின் நிக்கோலா சாமி படமும் இருந்தன. மாதாவுக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

“யாரு, பெயிண்ட்காரனா? மேல் மில்லுகிட்ட முள்ளு மண்டிக் கிடக்குதாமே. நேத்து ஒரு ஜெர்மன்காரி கால்ல ரத்தத்தோட வந்தா. என் மவன் லீவுல வந்து பஸ்ஸை விட்டு இறங்கினா, எந்த வழியாடா வருவான்? ஆடு மாதிரித் தாவணுமா?”

“இன்னிக்கே வெட்டிடுறேன் மாமா.”

“அடையாளத்தையும் பெருசாப் போடு. சின்ன வயசிலேயே வழி தவறுற பய அவன்.”

லினார்தோ தலையைக் குனிந்துகொண்டான். அர்கிரோ சட்டென்று பேச்சை மாற்றினாள். நேற்று அவர் தூங்கியபோது பிள்ளை போன் செய்தானாம், கப்பலில் நல்ல சாப்பாடாம், அப்பாவைக் கேட்டானாம். எழுப்பியிருக்கக் கூடாதா என்று பந்தெலிஸ் கோபித்துக்கொண்டார். அடுத்த தடவை எழுப்புவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை லினார்தோவால் பார்க்க முடியவில்லை.

“நெஞ்சுக்கு நல்லதுன்னு பாதாம் கொடுக்கிறேன். கொடுக்கக் கொடுக்கப் போதலைங்கிறார்” என்று குறைப்பட்டுக்கொண்டாள். “பல்லில்லாத வாயில எப்படித்தான் அரைக்கிறாரோ.”

“மில்லுக்காரன் வாய்டி. அரைக்காம இருக்குமா.”

லினார்தோவுக்குக் கொஞ்சம் பாலாடைக்கட்டி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அவள் பின்கட்டுக்குப் போனாள். காலடிச் சத்தம் தேயும்வரை பந்தெலிஸ் காது கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு லினார்தோவின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

“கோதுமை நல்லா வெந்திருக்கா?”

லினார்தோ பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“கடல்ல புள்ளை இருக்கிறவரைக்கும் நிக்கோலா சாமிக்கு முன்னால விளக்கு அணையக் கூடாது. எந்தத் தாயும் அணைய விட மாட்டா. இவ ஒருநாள் அதை ஏத்தாம விட்டா. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சுடா.”

“மாமா...”

“அவகிட்ட மூச்சு விடாத. எனக்காகத்தான் அவ எழுந்திருக்கிறா, சமைக்கிறா, சிரிக்கிறா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, உக்கார்ந்தவ எழுந்திருக்க மாட்டா.”

தலையணைக்கு அடியிலிருந்து முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தார். உள்ளே ஒரு கைப்பிடி பாதாம். ஒன்றுகூடக் கடிபடவில்லை.

“தட்டு மேல வச்சிடு. கோதுமையில பாதாமைத்தான் அவன் முதல்ல பொறுக்குவான்.”

பின்கதவு கிறீச்சிட்டது. பந்தெலிஸ் கண்களைத் துடைத்துக்கொண்டு, அவள் காதில் விழும்படி குரலை உயர்த்தினார்.

“மேல் மில்லு முள்ளை மறந்துடாதடா. புள்ளை வர்ற பாதை.”