காலிக் கட்டம்

ஆய்வுத் தரவுகளை எப்படிப் பாதுகாப்போம் என்று ஆய்வாளர்கள் திட்டம் எழுதும் மென்பொருளை அவள் மேம்படுத்திக்கொண்டிருந்தாள். 'ஆய்வு முடிந்தபின் தரவுகளுக்கு யார் பொறுப்பு?' என்ற கட்டத்தை எல்லோரும் காலியாகவே விட்டார்கள். அது தானாக நிரம்பும்படி செய்தாள். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. யோசிக்காமல் அண்ணன் பெயரைப் போட்டாள். பிறகு அதை எடுக்க மறந்துவிட்டாள். அண்ணன் இறந்து வெகுநாளாகியிருந்தது.

மண் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியை ஒருநாள் போனில் நன்றி சொன்னார்.

"பொறுப்பாளர்னு உங்க சாஃப்ட்வேர் போட்ட மனுஷர் தினமும் வந்துடுறாரும்மா. தலை நிமிராம வேலை பாக்குறாரு. இப்படி ஒரு ஆள் எங்க கிடைப்பாங்க?"

அவள் உடனே கிளம்பினாள். அண்ணன் இருந்தவரை அம்மாவின் ஆஸ்பத்திரி, அப்பாவின் கடைசி நாட்கள், அவளுடைய படிப்பு என்று எது வந்தாலும் 'அவன் பாத்துக்குவான்' என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

ஆய்வகத்தின் கோடி அறையில் அண்ணன் ஹார்ட் டிஸ்குகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். பேராசிரியை கொடுத்த டீ தொடாமல் ஆறிக் கிடந்தது.

"வா. சாப்பிட்டியா?" என்றான்.

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வேணும்னு போடலண்ணா. கைக்கு வந்த பேரு அதுதான்."

"அதுக்கென்ன?" அவன் ஈரத்துணியால் விரல் பசையைத் துடைத்துக்கொண்டான். "இது முடிஞ்சதும் எங்க போகணும்னு மட்டும் சொல்லிடு."