பதினேழாவது துண்டு

அன்று சம்பங்கியின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். உடைந்த பழம்பீங்கானை ஒட்டித் தரும் சம்பங்கி, அவர் மனைவி பாக்யலட்சுமி, ஜாடி கொடுத்திருந்த சரோஜம்மா, அவர் மகன் சிவகுமார்.

ஜாடி மேசை மேல் இருந்தது. நீலப் பூ, தங்கக் கோடு, அந்தக் காலத்துச் சீமைப் பீங்கான். ஒட்டிய இடம் தேடினாலும் தெரியவில்லை.

சிவகுமார் அதைத் தூக்கி அடியைப் பார்த்தான்.

"இன்னா பெரியவரே இது? உள்ளங்கை அகலத்துக்கு வெறும் பிளாஸ்டர் வெச்சிருக்கீங்க?"

"அந்த ஒரு துண்டு தொலைஞ்சு போச்சு தம்பி."

"கறுப்பு பெயிண்ட் அடிச்ச துண்டா? பதினேழுன்னு எங்க முன்னாடி எண்ணி, நோட்டுல கையெழுத்து வாங்கினீங்களே!"

"ஆமா. கழுவ ஊற வெச்சேன். தண்ணியோட கொட்டிட்டேன் போல. என் தப்புதான்."

"அவ்ளோ பெரிய துண்டு தண்ணியோட போச்சா? யார்கிட்ட கதை விடறீங்க?"

சரோஜம்மாவுக்குக் கண் கலங்கியது.

"நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்குத் தெவசம். படத்துக்குப் பக்கத்துல வெக்கலாம்னு இருந்தேன். சுரங்க ஷாஃப்ட்ல மூணு பேரைக் காப்பாத்தினதுக்கு அவருக்குக் கொடுத்த பரிசு, அண்ணா. அவர் பேர் சொல்ல இது ஒண்ணுதான் கீது."

"மன்னிச்சுக்கோம்மா. கூலி வேணாம்."

"கூலி வேணாம்னா துண்டு வந்துடுமா?" சிவகுமார் ஜாடியைத் துணியில் சுற்றினான். "மாரிக்குப்பத்துல இனிமே ஒருத்தரும் உங்ககிட்ட ஒரு சாசர்கூடக் குடுக்க மாட்டாங்க. பாருங்க."

இருவரும் போய்விட்டார்கள்.

பாக்யலட்சுமி கதவைச் சாத்தினார்.

"முப்பது வருஷத்துல ஒரு சில்லு தொலைச்சதில்ல நீங்க. எங்க வெச்சிருக்கீங்க?"

சம்பங்கி இழுப்பறையைத் திறந்து துண்டை எடுத்தார். ஊறியதில் கறுப்பு பெயிண்ட் உரிந்து, செதுக்கிய எழுத்து வெளியே தெரிந்தது.

பாக்யலட்சுமி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மீட்புப் போட்டி. முதல் பரிசு. 1968. கே. முனுசாமி... இது உங்கப்பா பேராச்சே!"

"நம்ம வீட்டுல காணாமப் போன ஜாடி. அப்பா வித்துக் குடிச்சிட்டார்னு அம்மா சாகிற வரைக்கும் அவரோட பேசல."

"ஐயோ! இப்பவே போய்க் காட்டுங்க. மாமா மேல இருக்கிற பழி போகட்டும்."

"அப்பாவும் போயிட்டார், அம்மாவும் போயிட்டாங்க. நாளைக்குப் படத்து முன்னாடி உக்காரப்போறது சரோஜம்மா."

நோட்டை எடுத்து எழுதினார்.

வந்தது பதினேழு. ஒட்டியது பதினாறு. மிச்சம் ஒன்று.