பிறை ஸ்டேஷனில் ஒரு பொட்டலம்

தெரேசா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததுதான் தாமதம், பிறை ஸ்டேஷனில் நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"தெரேசா! என்ன காரியம் பண்ற?" பதறிக்கொண்டு ஓடிவந்தார் சூசை கிராணி. ஆபீஸில் கணக்கெழுதும் அவர்தான் திருநாள் கூட்டத்தை வருடாவருடம் அழைத்துப் போகிறவர்.

"பசிக்குது அண்ணே. சாப்பிடுறேன்."

"இன்னிக்கு நன்மை வாங்க வேணாமா?"

"இந்த வருசம் இல்லண்ணே."

நன்மை என்றால் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம். அதை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. புனித அன்னம்மாள் திருநாளுக்காகப் பினாங்கிலிருந்து பெரிப் படகு ஏறி வந்த முப்பது பேரும் அப்படித்தான் காய்ந்த வயிற்றோடு, கோயில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போகும் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். ரயிலோ ஒரு மணி நேரம் தாமதம்.

அந்த நேரம் பார்த்து, ஸ்டேஷனில் சோறு விற்கும் சுலைமான் பாயிடம் நாசி கண்டார் பொட்டலம் வாங்கி, மீன் குழம்பு மணக்க மணக்க நடுப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்?

அதுவும் யார்? போன வருடம் மகன் மலேரியாவில் கிடந்தபோது, "பிள்ளை பிழைச்சா உன் காலடியில வந்து நன்மை வாங்குறேன் தாயே" என்று நேர்ந்துகொண்டு, அவன் பிழைத்ததும் அதையே ஊரெல்லாம் சொல்லித் திரிந்த தெரேசா!

"என்ன பாவம் பண்ணினாளோ!" என்றாள் ஒருத்தி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு.

வெறும் வயிற்றோடு வம்பு பேசலாம். அதற்குத் தடையில்லை.

தெரேசா அசரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூசையின் மருமகள் ஆலிஸிடம் இலையை நகர்த்தினாள். "நீயும் சாப்பிடு லா."

சூசை எட்டித் தடுப்பதற்குள் ஆலிஸ் ஒரு வாய் விழுங்கிவிட்டாள்.

ஆலிஸுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. இந்த முறை அவர் வந்ததே ஒரு பேரப்பிள்ளையைக் கேட்கத்தான். மகன் ஆர்தருக்கு லீவு கிடைக்காததால், தானும் மருமகளும் சேர்ந்து நன்மை வாங்குவதாக அன்னம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கோயிலில் சூசை மட்டும் போய் முழங்காலிட்டு நன்மை வாங்கினார். திரும்பும்போது பார்த்தார். கடைசி பெஞ்சில் ஆலிஸும் தெரேசாவும். தெரேசா அழுதுகொண்டிருந்தாள். அழட்டும், நன்றாக அழட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பூசை முடிந்ததும் வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார்.

"உன் நேர்ச்சையை நீ கெடுத்துக்க, அது உன் பாடு. என் வீட்டு நேர்ச்சையை ஏன் கெடுத்த? அன்னம்மாள்கிட்ட நான் என்ன முகத்தோட பேரப்பிள்ளை கேப்பேன்?"

ஆலிஸுக்குப் பொறுக்கவில்லை.

"அவங்களத் திட்டாதீங்க மாமா! பெரியில எனக்கு ரெண்டு தடவை கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அக்காதான் விழாம தாங்கிப் பிடிச்சாங்க. ஏதாவது சாப்பிடுன்னு சொன்னாங்க. எல்லாரும் என்னையே பாப்பாங்க, மாட்டேன்னுட்டேன். 'அப்ப நான் முதல்ல சாப்பிடுறேன், பாக்குற கண்ணெல்லாம் என்னைப் பாக்கட்டும்'னாங்க."

சூசைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருடமாகக் காத்திருந்த நேர்ச்சையையா இவள் விட்டுக்கொடுத்தாள்?

"கண்ணு இருட்டுச்சா? உடம்புக்கு என்னம்மா? ஏன் என்கிட்டச் சொல்லல?"

ஆலிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தெரேசாவைப் பார்த்து, நீங்களே சொல்லிவிடுங்கள் என்பதுபோல் தலையசைத்தாள்.

தெரேசா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க என்ன அண்ணே, அன்னம்மாள்கிட்ட இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க? அவங்க குடுத்து மூணு மாசம் ஆச்சு!"