பத்து நிமிடத்துக்கு ஓர் அறை

"இஞ்சேருங்கோ, எங்க நிக்கிறியள்? குணநாயகம் அண்ணை ரெண்டு தரம் கேட்டிட்டார்."

கைபேசியில் மனைவி பேபியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. பக்கத்து இருக்கையில் வருங்காலச் சம்பந்தியம்மா இருக்கும்போது வேறு எப்படி வரும்?

"காரைப் பாக்க வந்தனான் எண்டு சொல்லு," என்றார் குலசிங்கம். பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே, ஒரு காலை மறு காலில் பின்னிக்கொண்டு நின்றார்.

"நாங்கள் சப்வேயிலயெல்லே வந்தனாங்கள்!"

"அப்ப சப்வேயைப் பாக்க வந்தனான் எண்டு சொல்லு."

மகள் நிலாணிக்கும் மார்க்கம் நகரில் இருக்கும் குணநாயகத்தின் மகன் கீதனுக்கும் கலியாணப் பேச்சு. "ஹோல், பலகாரம் ஒண்டும் வேண்டாம், எல்லாரும் சேர்ந்து ஒரு கேம் பாப்பம்" என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

முதல்நாள் தொலைபேசியிலேயே குணநாயகம் கறாராகக் கேட்டிருந்தார். "எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் சீனி வருத்தம் இல்லை. உங்கட பக்கம் எப்பிடி?"

"எங்கட பக்கமும் இல்லை," என்றார் பன்னிரண்டு வருடமாக இன்சுலின் போடும் குலசிங்கம். அவரால் மகளின் கலியாணம் குழம்பினால் அவர் உயிரோடு இருந்து என்ன பயன்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவும் சோறு வேண்டுமே. இங்கே ஐஸ்கிரீம்தான் இருந்தது. சின்னப் பிளாஸ்டிக் ஹெல்மெட்டில் நிரப்பி ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுத்தான் கீதன்.

"எனக்குச் சனிக்கிழமை விரதம். என்ரையையும் நீங்களே எடுங்கோ," என்று தன்னுடையதைக் குலசிங்கத்தின் மடியில் வைத்துவிட்டு, போன் வருகிறது என்று எழுந்து போனார் குணநாயகம். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது போன். வேண்டாமென்றால் சந்தேகம் வரும். குலசிங்கம் இரண்டு ஹெல்மெட்டையும் வழித்துத் தின்றார்.

பிறகு தாகம் எடுத்தது. இரண்டு போத்தல் தண்ணீர் குடித்தார். அதன் பிறகு நடக்க வேண்டியது நடந்தது. கழிப்பறைக்கு எழுந்தால், "அங்கிள், நானும் வாறன்" என்று மரியாதையாகக் கூடவே வந்தான் கீதன். அங்கே வரிசையோ ஆட்டம் முடிந்தாலும் முடியாது போலிருந்தது. வருங்கால மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வயிற்றில் ஊசி போட முடியுமா? அவன் அசந்த நேரம் குலசிங்கம் வாசலால் நழுவிவிட்டார். வாசல் காவலாளி என்னவோ சொன்னான். கேட்காமலே தலையாட்டுவது குலசிங்கத்தின் பழக்கம். வெளியே போனவரைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதைத்தான் அவன் சொல்லியிருந்தான்.

முதலில் ஒரு கோப்பிக்கடை. கழிப்பறைப் பூட்டின் இலக்கம் ரசீதில் இருக்குமாம். பெரிய தேநீர் ஒன்று வாங்கினார். காசு கொடுத்து வாங்கியதை ஊற்ற மனம் வருமா? குடித்தார். கதவடிக்குப் போனால், பழுது என்று ஒரு தாள் தொங்கியது. அடுத்தது பேர்கர் கடை. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். உட்கார ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டுமாம்.

ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்கலாமோ? மைதானத்தோடு ஒட்டி நின்ற ஹோட்டலுக்குள் குலசிங்கம் பாதி ஓட்டமாக நுழைந்தார். விருந்தினர் அல்லாதவர்களுக்கு இன்றைக்குக் கழிப்பறை இல்லை என்றாள் வரவேற்பில் நின்ற பெண்.

"அப்படியென்றால் ஓர் அறை தாருங்கள்," என்றார் தனது ஆங்கிலத்தில்.

"எத்தனை நாளைக்கு?"

"பத்து நிமிடத்துக்கு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஒரேயொரு அறைதான் மிச்சம் என்று சொல்லி, ஒரு தாளை நீட்டி விதிமுறைகளை வாசிக்கத் தொடங்கினாள். குலசிங்கம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். அட்டையைத் தேய்க்கும்போது வாடகையையும் பார்க்கவில்லை. பார்த்தால் சீனியோடு பிரஷரும் ஏறும்.

அறைக்குள் போய்க் கழிப்பறையை விட்டு வெளியே வந்தபோது குலசிங்கம் புது மனிதர். இனி ஊசிதான் பாக்கி. அறை இருட்டாக இருந்தது. சுவிட்சைத் தடவித் தேடிக் களைத்தவர், ஒரு சுவர் முழுக்கத் தொங்கிய தடித்த திரையைச் சர்ரென்று இழுத்தார். நல்ல வெளிச்சம்; கண் கூசியதில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டி நின்று, சட்டையைக் கழற்றினார். பெனியனை நெஞ்சுவரை சுருட்டினார். தொப்பையைக் கிள்ளிப் பிடித்து, குனிந்தபடி ஊசியை இறக்கினார்.

எங்கோ பெரிய ஆரவாரம் கேட்டது. யாரோ நல்லாய் அடிச்சிட்டான் போல, என்று நினைத்துக்கொண்டார். கைபேசி அடித்தது.

"பெனியனை இறக்குங்கோ!" என்று கத்தினாள் பேபி. கிசுகிசுப்பெல்லாம் போய்விட்டது.

"என்ன?"

"நிமிர்ந்து பாருங்கோ!"

நிமிர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று பேஸ்பால் மைதானம். சுற்றிவர ஆயிரக்கணக்கான சனம். எதிரே, ஆட்டத்தைக் காட்டும் ராட்சதத் திரையில், வீடளவு தொப்பையும் அதில் குத்திய ஊசியுமாக ஒரு மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். குலசிங்கம் வாயை மூடினார். அவரும் மூடினார். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

"குணநாயகம் அண்ணை பாத்த உடன எழும்பிப் போயிட்டார்," என்று அழுதாள் பேபி.

குலசிங்கம் கட்டிலில் பொத்தென்று இருந்தார். நிலாணியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. மறுபடியும் கைபேசி அடித்தது. குணநாயகம். எடுத்தார்.

"அறை நம்பர் என்ன?"

"அண்ணை, சண்டை வேண்டாம். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை, பொய் சொன்னது நான்தான்..."

"அதைப் பிறகு கதைப்பம். காலமை துவக்கம் ஊசியைச் சொக்ஸுக்குள்ள வைச்சுக்கொண்டு நானும் இடம் தேடித் திரியிறன். நம்பரைச் சொல்லிப்போட்டு, நான் வரமுன்னம் உந்தத் திரையை இழுத்து மூடுங்கோ, சம்பந்தி!"